பருப்பு வேகாத தண்ணீர்

"உங்கள் ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகுமா?"

ரசாயனப் பட்டத்துக்காக நாம் வாய்மொழிப் பரீட்சைக்குப் போய் நின்ற அன்று, பரீட்சை செய்ய வந்திருந்த பெரியவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. அதற்கு முந்தைய நிமிஷம் வரையில் நாம் மிகுந்த உற்சாகத்துடன்தான் இருந்தோம். கடினத் தண்ணீரைப் பற்றிய அத்தியாயம் முழுவதும் நமக்குத் தலைகீழ்ப் பாடம். தற்காலிகக் கடினத் தன்மை எதனால் உண்டாகிறது, நிரந்தரக் கடினத் தன்மை எதனால் உண்டாகிறது, எந்த உப்புக்கு என்ன பரிகாரம் என்பதையெல்லாம் எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தி, எங்கே தொடங்கச் சொன்னாலும் தொடங்கும் நிலையில் இருந்தோம். பெரியவரோ அதில் ஒன்றையும் கேட்கவில்லை. பருப்பு வேகுமா என்று கேட்டார். நாம் விழித்தோம்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டிலே நம் தாயார் நாள் தவறாமல், "இந்தக் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு எந்தக் காலத்தில் வெந்தது?" என்று அலுத்துக் கொள்வதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். தண்ணீரிலுள்ள கால்சியம் உப்பு, பருப்பிலே இருக்கும் பெக்டின் என்னும் பொருளை இறுக்கிவிடுகிறது. ஆகையால் பருப்பு குழைவதில்லை. நமது அத்தியாயமும் தாயாரின் அலுப்பும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக் கொண்டிருந்தன. ஆனால் அடுப்படியில் கேட்டது ஒரு பெட்டியிலும், புத்தகத்தில் படித்தது இன்னொரு பெட்டியிலுமாக நம் மண்டைக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தன. பெரியவர் சிரித்துக் கொண்டே மார்க்குப் போட்டு அனுப்பினார். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு பட்ட பிறகாவது, உபாத்தியாயர் ஆனதும் நாம் வேறு விதமாகப் பாடம் நடத்தியிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. தர்மபுரி ஜில்லாவில் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் பல வருஷங்கள் வரையில், நமக்குச் செய்யப்பட்டதையே நாமும் குழந்தைகளுக்குச் செய்து வந்தோம். பாடத்தை ஒரு முறை உரக்கப் படிப்பது; முக்கியமான வரிகளின் கீழ்க் கோடு போடச் சொல்வது; பின்பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் போடுவது; மறுநாள் ஒப்பிக்கச் சொல்வது. குழந்தைகளும் ஒப்பித்தார்கள். யாருக்கும் குறை இருக்கவில்லை.

ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் தண்ணீரைப் பற்றிய பாடம் வந்தது. ஒரு சிறுமி எழுந்து, ஃபுளூரைடு என்னும் உப்பு அளவுக்கு மீறி உள்ள தண்ணீரைப் பல காலம் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை ஏற்படும், எலும்புகளும் கெடும் என்று ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். 'சபாஷ்' என்று சொல்ல வாயெடுத்தோம். சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் குழந்தை சிரித்தாள். அவளுடைய முன்பற்கள் நான்கிலும் பழுப்புக் கோடுகள் இருந்தன.

ஒரு பெண் குழந்தையின் பற்களைப் பற்றி வகுப்பிலே பேசுவது நாகரிகமாகாது. ஆகையால் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, "இப்படிப்பட்ட பற்களை உங்களில் யாராவது பார்த்ததுண்டா?" என்று பொதுவாகக் கேட்டோம். வகுப்பு மௌனமாக இருந்தது. பிறகு கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன், "எங்க ஊரிலே எல்லாருக்குமே பல் அப்படித்தான் இருக்கும், ஸார்!" என்றான். அவன் குறும்பாகச் சொல்லவில்லை. பல் என்றாலே அப்படித்தான் என்பது அவனுடைய எண்ணம். பாடத்திலே சொன்ன வியாதி எங்கேயோ தூர தேசத்தில் யாருக்கோ வருவது என்று நாற்பது குழந்தைகளும் நினைத்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உபாத்தியாயரும் அதுவரையில் வேறு விதமாக நினைக்கச் சொல்லவில்லை.

நேயர்களுக்கு நமது ஜில்லாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கே பூமிக்கடியில் இருப்பவை மிகப் பழமையான கடும் பாறைகள். அவற்றிலுள்ள சில கனிப்பொருள்களில் ஃபுளூரைடு கலந்திருக்கிறது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளில் இறங்கிப் பல காலம் தங்கும்போது அந்த உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொள்கிறது. கிணறு வற்ற வற்ற, ஆழ்துளைக் கிணறுகள் போட்டு அந்தத் தண்ணீரைத்தான் மேலே இழுத்தோம். பழைய சென்னை மாகாணத்தில் இவ்வியாதி இருப்பதை வைத்திய ஆராய்ச்சியாளர்கள் முதன் முதலாக எழுதியது 1937-ஆம் வருஷத்தில். அது நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களைப் பற்றியது. நமது ஜில்லாவிற்கும் கிருஷ்ணகிரி ஜில்லாவிற்கும் காவேரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் தேசத்தின் கடனுதவியோடு நிறைவேறி, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளூரோஸிஸ் என்னும் வியாதியின் பெயர் சேர்ந்திருக்கிறது. ஊர்ச் சுவர்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் எழுதப்பட்ட பெயர்தான். ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் படித்துவிடுகிறார்களா, என்ன?

அன்று மாலை நாம் அந்தப் பாடத்தை எடுத்து வைத்துக் கொண்டு, அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் போல் படித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தி, 'ஏன்?', 'எவ்வளவு?', 'எங்கே?' என்று கேட்டுக் கொண்டோம். இரண்டு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று! பத்து வருஷமாக நடத்தி வந்த பாடத்தில் நமக்கே பதில் தெரியாத கேள்விகள் பதினொன்று அகப்பட்டன. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம். கறை படிவது பல் முளைத்த பிறகா, அதற்கு முன்பா? புத்தகம் அதைச் சொல்லவில்லை. வேறு புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. பல்லின் மேலுள்ள எனாமல், ஈறுக்குள்ளே உருவாகிக் கொண்டிருக்கும் பருவத்தில்தான் இக்கெடுதல் நேருகிறது. அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள். முளைத்து முடிந்த பல்லைத் தண்ணீரை மாற்றிச் சரிப்படுத்த முடியாது. எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. அவர்களுடைய தம்பி தங்கையருக்குக் கடக்கவில்லை.

இது தெரிந்த பிறகு அந்தப் பாடத்தைப் பழையபடி நடத்த நமக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு புது ஏற்பாடு செய்தோம். எல்லாரும் பென்ஸிலை எடுத்துக் கொண்டு, புரியாத இடத்திலும், நம்ப முடியாத இடத்திலும், வீட்டிலோ ஊரிலோ பார்த்தது நினைவுக்கு வரும் இடத்திலும் புத்தகத்தின் ஓரத்தில் எழுத வேண்டும் என்றோம். ஒரு பென்ஸிலும் அசையவில்லை. புத்தகத்தில் கிறுக்கலாமா? கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்ளும் குழந்தைகள் அவர்கள். அது நல்ல வழக்கந்தான். நாமும் அப்படி வளர்ந்தவர்தான். ஆனால் ஸரஸ்வதி பூஜையன்று ஒரு நாள் புத்தகத்தை அடுக்கி வைத்துத் தொடாமல் இருப்பது போல், வருஷம் முழுவதும் இருந்து விடுகிறோமோ என்று சில சமயம் சந்தேகமாயிருக்கிறது. முடிவில், ஓரத்தில் எழுத மனமில்லாதவர்கள் தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே சொருகிக் கொள்ளலாம் என்று சமரஸம் செய்து கொண்டோம். ஒரு வாரத்தில் புத்தகங்களெல்லாம் கர்ப்பிணிகளைப் போல் உப்பிவிட்டன.

அந்தத் துண்டுக் காகிதங்களைப் போன்ற சுவையான இலக்கியத்தை நாம் அண்மையில் படித்ததில்லை.

தண்ணீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் எல்லை. வழக்கமாகக் குழந்தைகள் இந்த எண்ணை மனனம் செய்து கொண்டு மேலே போய்விடுவார்கள். இம்முறை ஒரு பையன், 'இது எவ்வளவு ஸார்? கண்ணுக்குத் தெரியுமா?' என்று எழுதியிருந்தான். கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். அதில் ஒன்றரை. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் இருபத்திரண்டரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. "இத்தனூண்டா!" என்று வகுப்பே கூவியது. பிறகு ஒரு குழந்தை, "தினமும் குடிக்கிறோமே, ஸார்" என்றாள். நாம் சொல்ல வேண்டியது அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்னொரு துண்டில், 'காய்ச்சிக் குடித்தால் போய்விடும்' என்று ஒருவன் தீர்மானமாக எழுதியிருந்தான். அவன் சும்மா எழுதவில்லை. தற்காலிகக் கடினத் தன்மை காய்ச்சினால் நீங்கும் என்று அதே பாடத்தில் வருகிறது. காய்ச்சினால் கிருமி சாகும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் கூட்டி இதையும் சேர்த்துக் கொண்டான். அவனைத் தவறு என்று சொல்லி அடக்காமல், "போய்விடும் என்றாயே, எங்கே போகும்?" என்று கேட்டோம். சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் பொடியாகிப் பாத்திரத்தின் அடியில் படிகிறது. அது போகுமிடம் கண்ணுக்குத் தெரிகிறது. இது? ஒரு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரை வைத்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறிய பிறகு ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். முகத்தைச் சுளித்துக் கொண்டார்கள். உப்பு எங்கேயும் போகவில்லை. தண்ணீர்தான் ஆவியாகிப் போயிற்று. ஃபுளூரைடும் அப்படித்தான். காய்ச்சக் காய்ச்சச் சிறிது கூடுமே தவிரக் குறையாது. 'செறிவு' என்று பாடத்தில் வந்த வார்த்தையின் பொருளை நாம் அன்று விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வார்த்தைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று முதலில் பாடுபட்டவர்களில் ராஜாஜி ஒருவர். அவர் பிறந்த தொரப்பள்ளி அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. பிற்பாடு தர்மபுரி ஜில்லாவில் இருந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருக்கிறது. அவர் சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916-இல், நண்பர்களுடன் சேர்ந்து சாஸ்திரப் பரிபாஷைகளைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார். பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். ரசாயனத்தைத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்னும் எண்ணம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. அவர்கள் பட்ட பாட்டின் பயனை இன்று நம் குழந்தைகள் அனுபவிக்கிறார்கள். ஒளிச்சேர்க்கை என்று சொன்னால் பாதி விஷயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்காமலே உருப்போடுவதற்கும் நம் குழந்தைகள் கற்றுக் கொண்டுவிட்டார்களே! இங்கிலீஷில் மட்டுந்தான் கிளிப்பிள்ளை உண்டு என்று ஒரு காலத்தில் நாம் எண்ணியிருந்தோம்.

தெரிந்த வார்த்தைகளினால் வரும் ஆபத்து இன்னும் பெரிது. பௌதிகத்தில் 'வேலை' என்றால், விசையினால் ஒரு பொருள் நகர வேண்டும். நகராவிட்டால் வேலை பூஜ்யம். இதற்கு ஒரு சிறுமி தன் துண்டில் எழுதியது: 'எங்கள் அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டு ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். அது வேலை இல்லையா?' நியாயமான கோபம். குடத்தின் மீது வேலை நடைபெறவில்லை. ஆனால் தாயாரின் தசைநார்கள் உள்ளுக்குள் இடைவிடாமல் இறுகித் தளர்ந்து சக்தியைச் செலவழிக்கின்றன, களைப்பு அதனால்தான் என்று சொன்னோம். அவள் ஒப்புக் கொண்டாள். ஆனால் பௌதிகத்தின் மேல் அவளுக்கு இருந்த கோபம் முற்றும் தணிந்ததாகத் தோன்றவில்லை. நமக்கும் அப்படியே.

இந்த முறை நம்முடைய கண்டுபிடிப்பு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1946-இல் அமெரிக்காவில் பிரான்ஸிஸ் ராபின்ஸன் என்னும் உளவியல் பேராசிரியர், பாடத்தை முதலில் மேலோட்டமாகப் பார்த்து, கேள்விகளை எழுப்பிக் கொண்டு, அவற்றுக்கு விடை தேடிப் படித்து, புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்த்து, மீண்டும் சரிபார்க்கும் ஒரு முறையைப் புத்தகமாக எழுதினார். அதற்கு எழுநூறு வருஷங்களுக்கு முன்பே நம்முடைய பவணந்தி முனிவர், பாடம் கேட்பவன் கேட்டதைச் சிந்திக்க வேண்டும், வினாவ வேண்டும், பிறர் வினாவியதற்கு விடை சொல்ல வேண்டும் என்று நன்னூலில் விதித்துவிட்டார். அவர் போட்ட கணக்கு இன்னும் அழகானது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதால் ஒரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். நம் சம்பளத்துக்கு உரிய வேலை கால் பங்குதான் என்பதை அறிந்து சிறிது ஆறுதல் அடைந்தோம்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு சோதனையை மட்டும் பெற்றோர்களுக்காகச் சொல்ல விரும்புகிறோம். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு விஞ்ஞானப் பகுதியை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு வேளை மட்டும் படித்து, மற்ற மூன்று வேளையும் பகுதியைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்களுக்கு நினைவிருந்தது நூற்றுக்கு நாற்பது. பார்க்காமல் எழுதியவர்களுக்கு அறுபத்தொன்று. இதில் வேடிக்கை வேறொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம்! விடியற்காலையில் எழுந்து உரத்த குரலில் படிக்கும் குழந்தையைக் கண்டு மனம் குளிரும் தாய் தந்தையர், ஒரு நாளைக்கு அந்தப் புத்தகத்தை வாங்கி வைத்துக் கொண்டு, "இப்போது சொல், பார்க்கலாம்" என்று கேட்டுப் பார்க்கட்டும்.

நிற்க. நமது புது முறையினால் ஊரில் பெயர் கிடைத்தது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பாடம் பின்தங்கிவிட்டது. மற்றப் பிரிவு ஐந்து பாடம் முடித்த நாளில் நாம் மூன்றில் நின்றோம். முதல் பருவப் பரீட்சையில் நம் வகுப்பின் மார்க்கு சிறிது இறங்கக்கூடச் செய்தது. ஏனெனில், வினாத்தாள் கேட்டது புத்தகத்தின் வரிகளை. நம் குழந்தைகள் எழுதியது தங்கள் வரிகளை. ஒரு தகப்பனார் வந்து, "ஸார், என் மகனுக்குக் கேள்வி கேட்கத் தெரிகிறது, பதில் எழுதத் தெரியவில்லையே!" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மார்க்கு இல்லாமல் மேல் படிப்பு ஏது? ஆகையால் எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்துவதை விட்டு, பருவத்துக்கு இரண்டு மூன்று பாடங்களை மட்டும் இம்முறையில் நிதானமாகப் படிப்பது என்று வைத்துக் கொண்டிருக்கிறோம். மற்றவற்றைப் பழைய வேகத்திலேயே ஓட்டுகிறோம். இது பூரணமான வழி என்று நாம் சொல்லவில்லை.

அந்தச் சிறுமியின் கதையை முடிக்கவில்லையே. பவணந்தியாரின் அரைப் பங்கை அனுசரித்து, பாடத்தை வீட்டில் ஒருவருக்குச் சொந்த வார்த்தையில் சொல்லி, அவர்கள் கேட்கும் கேள்வியை எழுதி வர வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் காலடி வைக்காத தாயாருக்கு அவள் இரவில் அடுப்படியில் உட்கார்ந்து கொண்டு பாடம் நடத்தியிருக்கிறாள். களி கிண்டிக் கொண்டிருந்த தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் பல் இனிமேல் மாறுமா?" என்று கேட்டாளாம். "மாறாது" என்று இவள் சொன்னாள். "அப்போ தம்பிக்கு?" என்று தாயார் கேட்டாள். தம்பிக்கு இரண்டு வயது. பால் பற்கள் விழுந்து வரப்போகும் பற்கள் அவனுக்கு இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக் கொண்டிருக்கின்றன.

அவர்கள் வீட்டு வாசலிலேயே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கிடைக்கிறது. காவேரித் தண்ணீர்க் குழாய் தெருக் கோடியில் இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு யார் நடப்பார்கள்? குழந்தைகள் இரண்டு தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்து வந்தார்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எல்லைக்கு மேல் இருந்தது. குழாய்த் தண்ணீர் எல்லைக்குள் இருந்தது. முடிவு எழுதிய காகிதத்தை அந்தப் பெண் தன் பாடப் புத்தகத்தின் அதே பக்கத்தில் சொருகி வைத்துக் கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து வேறு காரியமாக அந்தத் தெரு வழியே போக நேர்ந்தது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு குடங்கள் இருந்தன. ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது குடிக்கவும் சமைக்கவும். மற்றது பாத்திரம் துலக்கவும் மாட்டுக்கும் என்று தாயார் சொன்னாள். "நடைதான் அதிகம், வாத்தியாரே. ஆனால் பருப்பும் இதிலே சீக்கிரம் வேகிறது" என்றாள். நமக்கு வாய்மொழிப் பரீட்சைப் பெரியவரின் ஞாபகம் வந்தது.

சிறுமி உள்ளேயிருந்து புத்தகத்தை எடுத்துக் கொண்டு ஓடி வந்தாள். ஓரத்தில் புதிதாகப் பென்ஸிலால் எழுதியிருந்ததைக் காட்டினாள்: 'மாட்டுக்கும் பல் இருக்கிறதே?'

ஆடு மாடுகளுக்கும் இவ்வியாதி வரும் என்று நாம் புத்தகங்களில் படித்திருக்கிறோம். ஆனால் அவர்கள் வீட்டு மாட்டின் பல்லை நாமும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. வருகிற சனிக்கிழமை கால்நடை டாக்டர் ஊருக்கு வருகிறார். அவரிடம் மாட்டை ஓட்டிக் கொண்டு போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.